எடுக்குமாம்

“எடுக்குமா?”

பழைய பில்லின் முதுகில் இந்த ஒரு சொல்லை எழுதி, கண்ணாடி மேசையின் மேல் என் பக்கமாகத் தள்ளினாள் விரலக்கா. அவள் எழுத்து அச்சடித்ததுபோல நிமிர்ந்து நிற்கும். கேள்விக்குறியின் புள்ளியை அழுத்திக் குத்தியதில் தாளில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. நூலில் கட்டித் தொங்கும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தாள். விரலக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பத்து விரல்களாலும் பேசுவாள். விரல்பேச்சு தெரியாதவர்களிடம் சீட்டில் எழுதிப் பேசுவாள். அதனால்தான் என் மனதுக்குள் அவளுக்கு அந்தப் பெயர். எங்கள் கடையிலிருந்து மூன்றாவது கடையில், ஆஸ்பத்திரிகளுக்குச் சீருடை தைக்கும் இடத்தில் அவளுக்கு வேலை.

அவள் கேட்டது, வரப்போகிற பெரிய போனைப் பற்றி. அவள் புருஷன் வெல்டர். அவருக்கும் காது கேட்காது. மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போடும் இடத்தில் பதினெட்டு மாத வேலைக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஒரே ஒரு டவர். அந்த டவர் வேலை செய்வது இருபத்தெட்டு என்கிற ஒரே அலைவரிசையில். அதை எடுக்கிற போன்கள் எங்கள் கடையில் இரண்டு வகைதான் இருந்தன. இரண்டும் பொத்தான் போன்கள், காதில் வைத்துப் பேச மட்டும் உதவுபவை. காது கேட்காத இரண்டு பேர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? எழுதி அனுப்பலாம் என்றால் அவருக்குப் படிக்கத் தெரியாது. முகம் தெரிய வேண்டும், கை தெரிய வேண்டும். சின்னத் திரையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிடும், ‘சாப்பிட்டாயா’ என்று கேட்கிறாரா ‘அழுதாயா’ என்று கேட்கிறாரா என்றே புரியாது என்று ஒருமுறை எழுதிக் காட்டியிருக்கிறாள். இந்தச் சீட்டைத் தள்ளியபோது அவளுக்கு வயிற்றில் ஆறாவது மாதம்.

கடை என் மாமாவுடையது, அம்மாவின் தம்பி. ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை. எழுந்து நின்று பாடத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லும்போதெல்லாம் என் சொற்களின் கடைசிப் பாதி தொண்டையிலேயே தங்கிவிடும். “வார்த்தையோட வால முழுங்காதே. யாருக்குப் படிக்கிற, சுவத்துக்கா?” என்பார் டீச்சர். வகுப்பு சிரிக்கும். ஒருநாள் வயிற்றுவலி என்று சொல்லிப் போகவில்லை. அப்புறம் நிஜமாகவே வலிக்க ஆரம்பித்தது. அப்புறம் போகவே இல்லை. “வீட்ல சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கிறதுக்கு என் கடையில வந்து ரோட்டப் பாக்கட்டுமே” என்று மாமாதான் கூட்டி வந்தார். நான் வாயே திறப்பதில்லை என்பதால் எனக்கு ரேடியோ என்று பெயர் வைத்தார். “ரேடியோ, அந்தச் சின்ன ஸ்க்ரூடிரைவர எடு. சத்தத்தக் கொஞ்சம் குறைச்சுக்கோ, காது வலிக்குது.” அவரே சொல்லி அவரே சிரித்துக்கொள்வார்.

பேசத்தான் வராது, எழுத வரும். செத்த பாட்டரிகளைப் போட்டு வைக்கும் தகர டப்பாவுக்கு அடியில் என் நோட்டு இருக்கும். மாமாவுக்குத் தெரியாது. கடையில் வந்து போகிறவர்களைப் பற்றி எழுதுவேன், ஒட்டுக் கேட்ட பேச்சுகளை எழுதுவேன், மேலே மறக்காமல் தேதி போடுவேன். அந்த வருஷம் முழுக்க நோட்டின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பித்து அந்தப் பெரிய போனைப் பற்றி எழுதினேன். வருவதற்கு முன்பே அதைப் பற்றி உலகமெல்லாம் பேச்சாக இருந்தது. எனக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது: கேள்விப்பட்டதற்கெல்லாம் வால் உண்டு. திரை கிட்டத்தட்ட ஏழு அங்குலமாம். பாட்டரி இரண்டு நாள் நிற்குமாம். தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாதாம். இருபத்தெட்டு எடுக்குமாம். கம்பெனியே வாயைத் திறந்து சொன்ன பிறகு அந்த ‘ஆம்’மை அடித்துவிடுவேன். வால் அறுந்தால் உண்மை. வகுப்பில் முழுங்கிய வால்களையெல்லாம் நோட்டில் துப்பிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

விரலக்கா சீட்டை நீட்டிய அன்று மேசைக்கு அடியில் நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். பிறகு அவள் சொல்லுக்குக் கீழே என் சொல்லை எழுதினேன்.

“எடுக்குமாம்.”

அவள் அதைப் படித்தாள். சுட்டுவிரலை அந்தச் சொல்லின் அடியில் இழுத்து, கடைசியில் நிறுத்தி, புருவத்தைத் தூக்கினாள். நான் தலையாட்டினேன். அவள் சீட்டை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். படியிறங்கும்போது வழக்கம்போலத் திரும்பி, இரண்டு விரல்களைத் தாடையில் வைத்து எடுத்தாள். அது ‘நாளைக்கு’.

அடுத்த வியாழக்கிழமை மதியம் அவள் வந்தபோது முகத்தில் அத்தனை சந்தோஷம். பென்சிலை எடுத்து வேகமாக எழுதினாள். “அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கள் காலை மலைக்குப் போகிறார். ஒரு மாதமாக யோசித்தோம். உன் சீட்டைக் காட்டி விரலால் சொன்ன பிறகுதான் முடிவு. எடுக்கும், ஆம்.”

அந்தக் காற்புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் விடுதிப் பள்ளியில் படித்தவள். அவளுக்குத் தமிழ் காது வழியாக வரவில்லை, அச்சிலிருந்து வந்தது. வினாத்தாளில் ‘ஆம்’ என்றால் சரி, ‘இல்லை’ என்றால் தவறு. “அவ ஓடிட்டாளாம்”, “அவனுக்கு வேலை போயிடுச்சாம்” என்று யார் அவள் காதருகில் வந்து குசுகுசுத்திருக்கிறார்கள்? நாங்கள் வாலாட்டிக்கொண்டே பேசும் அந்த ஒரு பேச்சு மட்டும் அவள் பக்கம் வரவே இல்லை. மெல்ல, அவள் மனம் கோணாதபடி, ‘ராஜா இருந்தானாம்’ என்று கதைப் புத்தகத்தில் வருமே, அதற்கு என்ன அர்த்தம் என்று எழுதிக் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள்: “இருந்தான், ஆம். கதை சத்தியம் செய்கிறது.” எதற்குக் கேட்கிறாய் என்பதுபோலக் கையை விரித்தாள்.  ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன்.

அவள் போனதும் ஒரு பில்லைக் கிழித்து எழுதினேன். மேலே தேதி. “அக்கா, அது உறுதி இல்லை. நான் எழுதிய ‘ஆம்’ வேறு. யாரோ சொன்னார்கள் என்று அர்த்தம். எடுக்காமலும் போகலாம். அண்ணனைப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள்.” மூன்று கடை தள்ளிப் போய்க் கொடுத்துவிட்டு வர எவ்வளவு நேரம் ஆகும்? தையல் கடை வாசல் வரை போனேன். தையல் இயந்திரங்களின் சத்தம் கேட்டது. அங்கே பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். நான் உள்ளே நுழைந்ததும் பதினைந்து பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். எனக்கு வயிறு வலிக்க ஆரம்பித்தது. நாளைக்கு அவளே வருவாள், அப்போது கொடுக்கலாம் என்று திரும்பி வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு படம் வெளியே கசிந்திருந்தது. போன் வரப்போகிற பெட்டியின் அடிப்பக்கமாம். பொடி எழுத்தில் அலைவரிசைகள். நடுவில் தெளிவாக 28. எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. இனி எதற்குச் சீட்டு? சும்மா அவளைப் பயமுறுத்தியதாகத்தான் ஆகும். சீட்டை நோட்டுக்குள் செருகினேன். கிழித்துப் போடவில்லை. ஏன் போடவில்லை என்று அப்போது என்னையே கேட்டுக்கொண்டிருக்கலாம்.

சனிக்கிழமை அவளோடு அவள் புருஷனே வந்தார். எங்கள் கடை ஷட்டரின் கொக்கி ஒரு வருஷமாக உடைந்து கிடந்தது. மாமா கம்பியால் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வெல்டர் தன் இயந்திரத்தை ஒரு வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து, யாரும் கேட்காமலே அதை ஒட்டிக் கொடுத்தார். மாமா பணம் நீட்டியபோது இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். என்னைக் காட்டினார். தன் நெஞ்சைத் தொட்டார். பிறகு கட்டைவிரல்களையும் சுட்டுவிரல்களையும் சேர்த்து ஒரு செவ்வகம் செய்து, அது போதாது என்று இன்னும் அகட்டி, அதன் வழியாக விரலக்காவைப் பார்த்தார். அவள் அந்தச் சட்டத்துக்குள் நின்று ஏதோ சொன்னாள். அவர் தோள் குலுங்கச் சிரித்தார். “பாரு ரேடியோ, உன்னால ஒரு ஷட்டர் பிழைச்சுது” என்றார் மாமா. நோட்டு என் முழங்கால் மேல் இருந்தது. சீட்டு அதற்குள் இருந்தது. அப்போதும் கொடுத்திருக்கலாம்.

திங்கட்கிழமை அவர் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டிப் படமே பொய் என்றார்கள். யாரோ பொழுதுபோகாமல் செய்ததாம்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதங்களை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நோட்டைப் பார்த்தால் தெரியும். ஒருநாள் எடுக்குமாம், மறுநாள் எடுக்காதாம். மூன்றாம் நாள் இரண்டு மாடல் வருமாம், ஒன்றில் எடுக்குமாம், எது எந்த நாட்டுக்கு என்று தெரியாதாம். ஷட்டரை மாமா தூக்கியதும் முகம் கழுவின ஈரம் காய்வதற்குள் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருவேன். “பரிட்சைக்குக்கூட இப்படிப் படிச்சிருக்க மாட்டா” என்று அம்மாவிடம் மாமா பெருமையாகச் சொன்னாராம். தினமும் செய்தித்தாள் படிக்க எங்கள் கடைக்கு வரும் பென்ஷன்காரர் ஒருவர் இருந்தார். அந்த போன் வந்தால் கண்ணாடி போடாமலே பேப்பர் படிக்கலாம் என்பது அவர் கனவு.

“என்னம்மா, இன்னும் பெருசாயிடுச்சா?” என்பார் வந்ததும்.

“ஏற்கெனவே பலகை மாதிரி இருக்குமாம் சார்” என்பார் மாமா. “பாக்கெட்ல வைக்க முடியாது. நீங்க தலைக்கு வச்சுத் தூங்கிக்கலாம்.”

“வச்சுத் தூங்கறேன்யா. எங்கயாவது தொலைச்சாலும் என் பொண்டாட்டி கண்டுபிடிச்சு எடுக்கிறதுக்காவது வசதியா இருக்கும்.”

அவர்கள் சிரிப்பார்கள். எனக்கு ‘இருக்குமாம்’ என்று மாமா சொன்னது மட்டும் காதில் நிற்கும். எத்தனை சுலபமாகச் சொல்கிறார். அந்த நாட்களில் எண்ணிப் பார்த்தேன். மாமா ஒரு மணி நேரத்தில் முப்பது தடவையாவது அப்படிச் சொல்கிறார். யாருக்கும் எதுவும் ஆவதில்லை.

புதன்கிழமைகளில் மலையிலிருந்து சாமான் லாரி இறங்கும். அதன் டிரைவர் கையில் வெல்டர் ஒரு காகிதம் கொடுத்து அனுப்புவார். எழுதத் தெரியாததால் படம் வரைந்திருப்பார். விரலக்கா அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவாள். முதல் வாரம்: ஒரு பாறை, பாறை மேல் ஒரு ஆள், கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு பெண் முகம். இரண்டாவது வாரம் பெட்டி கொஞ்சம் பெரிது. நான்காவது வாரம் ஆளை விடப் பெட்டி பெரிது. ஆறாவது வாரம் பெட்டிக்குள் பெண்ணோடு ஒரு குழந்தை, ஆள் பெட்டியின் அடியில் எறும்புபோல நின்று இரண்டு கைகளையும் தூக்கியிருந்தார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தாள். குழந்தை பிறந்த அன்றைக்கே அவர் அதைப் பார்த்துவிட வேண்டும், லாரியில் போன் போய்ச் சேர ஒரு நாள், கணக்கு சரியாக இருக்கிறது என்று எழுதினாள். பிறகு போனின் நீளம் அகலம் கேட்டாள். நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்தேன். மறுநாள் சீருடைத் துணியில் மிச்சம் விழுந்த நீலத் துண்டுகளை இரட்டையாக மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, ஒரு உறை தைத்துக் கொண்டுவந்தாள். மலைப் பாதையில் லாரி குலுங்குமே, அதற்கு. ஒவ்வொரு தையலும் எண்ணி வைத்ததுபோல இருந்தது.

அன்றைக்கு அவளுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று தடவை பென்சிலை எடுத்தேன். மூன்று தடவையும் வேறு எதையோ எழுதினேன். ‘தையல் அழகு’ என்று எழுதினேன். ‘கால் வீங்கியிருக்கிறதே’ என்று எழுதினேன். ‘தண்ணீர் வேண்டுமா’ என்று எழுதினேன்.

போனை அறிவிக்கும் நாள் வந்தது. பிற்பகல் மூன்று மணி. மாமா கடையின் பெரிய திரையில் அந்த நிகழ்ச்சியைப் போட்டார். பென்ஷன்காரர் ஸ்டூலில் முன்வரிசை. விரலக்கா பாதி நாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்து, சுவரில் முதுகைச் சாய்த்து நின்றாள். உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கஷ்டம் என்று கையால் சொன்னாள். தோளில் துணிப்பை, பைக்குள் நீல உறை. திரையில் ஒருவர் போனைத் தூக்கிக் காட்டியதும் பென்ஷன்காரர் கைதட்டினார். “அப்பாடி, கண்ணாடி இல்லாமலே தெரியுதுய்யா!”

“சார், அது நம்ம டிவியில பெருசாக் காட்டறான். உங்களுக்கு வீட்டுக்குப் போயும் கண்ணாடி வேணும்.”

நான் மேசைக்கு அடியில் நோட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தேன். திரை சரி. பாட்டரி இரண்டு நாள், சரி. தண்ணீர் சரி. நீளம், அகலம், நான் எழுதிக் கொடுத்தது அப்படியே. வால்கள் வரிசையாக அறுந்து விழுந்தன. இத்தனை சரியாக வந்தால் அதுவும் சரியாகத்தானே வரும் என்று ஒரு நம்பிக்கை நெஞ்சு வரை ஏறியது. அலைவரிசை பற்றி மேடையில் யாரும் பேசவில்லை. அது கம்பெனியின் இணையப் பக்கத்தில் கடைசியில் சின்ன எழுத்தில் இருக்கும். திறந்தேன். இரண்டு மாடல்கள். முதல் மாடலுக்கு நேராக நீளமான எண்வரிசை, அதில் 28 இருந்தது. அது கடல் தாண்டி வேறு நாடுகளுக்கு. இரண்டாவது நமக்கு. 1, 3, 5, 8, 20, 38, 40, 41.

விரலால் திரையைத் தொட்டு மறுபடியும் எண்ணினேன். இருபதுக்குப் பிறகு முப்பத்தெட்டு. நடுவில் ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தபோது விரலக்கா என் பின்னால் நின்றிருந்தாள். எப்போது சுவரை விட்டு வந்தாளோ. அவளும் அதே வரிசையைத்தான் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எண்கள் தெரியும். ஆனாலும் என் தோளைத் தட்டி, பென்சிலை எடுத்து, ஒரு பில்லின் பின்னால் எழுதினாள்.

“எடுக்குமா?”

இந்தத் தடவை புள்ளி தாளைத் துளைக்கவில்லை.

மாமாவும் பார்த்துவிட்டார்.  அவளுக்குக் கேட்காது என்பதை மறந்து மெதுவான குரலில் சொன்னார். “ரேடியோ, அந்த இன்னொரு மாடல வெளிய இருந்து வரவழைக்கலாமாம். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் சொன்னான். ரெண்டு மூணு மாசம் ஆகுமாம். எழுதிக் காட்டு, பாவம். சும்மா நிக்க வைக்காதே.”

பென்சிலை வாங்கினேன். ‘வரவழைக்கலாம்’ வரை எழுதினேன். இன்னொரு ‘ஆம்’ போட வேண்டும். பென்சில் முனை தாளில் அப்படியே நின்றது. என்னால் முடியவில்லை. எழுதியதையெல்லாம் அடித்தேன். நோட்டைத் தூக்கி மேசை மேல், மாமா பார்க்க, எல்லோரும் பார்க்க வைத்தேன். உள்ளே செருகியிருந்த பழைய சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

“என்னடி அது?” என்றார் மாமா. பென்ஷன்காரர் திரையின் சத்தத்தைக் குறைத்தார்.

விரலக்கா படித்தாள். முதல் தடவை வேகமாக. இரண்டாவது தடவை ஒவ்வொரு சொல்லின் கீழும் விரலை வைத்து. ‘வேறு’ என்ற இடத்தில் நின்றாள். நோட்டின் பக்கங்களைத் திருப்பினாள். எடுக்குமாம், எடுக்காதாம், எடுக்குமாம் என்று இரண்டு மாதங்களும் அவள் கண்முன்னால் போயின. புரிந்துகொண்டாள் என்று தெரிந்தது. அவள் முகத்தில் கோபம் வரவில்லை. எனக்காக இரக்கப்படுகிறாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தெரியாமல் நடந்த தப்புதானே என்று சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அப்போதுதான் அவள் விரல் சீட்டின் மேலே போனது. தேதி.

அவள் இடது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். வியாழன். வெள்ளி. சனி. ஞாயிறு. திங்கள். கட்டைவிரலையும் மடக்கியதும் கை ஒரு முட்டியாக ஆகிவிட்டது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“அக்கா” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், முழுச் சொல்லையும். மாமா திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் கடையில் நான் பேசி அவர் கேட்டதே இல்லை. கேட்க வேண்டியவளுக்கு அது கேட்கவில்லை.

அவள் பையிலிருந்து நீல உறையை எடுத்து மேசைக் கண்ணாடி மேல் வைத்தாள். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள், தைத்து முடித்த எந்தத் துணிக்கும் செய்வதுபோல. சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஷட்டர் கொக்கியைக் கடக்கும்போது, வெல்டிங் ஓடிய தழும்பின் மேல் அவள் தோள் உரசியது. ஒரு கையை வயிற்றுக்குக் கீழே கொடுத்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவள் கடைசிப் படியில் கால் வைத்ததும் நான் எழுந்து நின்றேன். அந்தப் படியில்தான் எப்போதும் திரும்பி ‘நாளைக்கு’ சொல்வாள்.

மேசை மேல் உறை வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அளவு சரியாக இருந்தது. வெளியே, ஒரு கை வயிற்றிலும் ஒரு கை பையிலுமாக, அவள் சாலையைக் கடந்து போய்க்கொண்டிருந்தாள்.